செல்வத்தின் காவடியும் ஒரு கிரிம்பிங் டூலும்

இழுத்துப் பார்

ஷா ஆலமில் ஒரு வயர் ஹார்னஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் அழுதுவிட்டேன். வயர் ஹார்னஸ் என்றால் காருக்குள் ஓடும் வயர்க் கட்டு. ஒவ்வொரு வயரின் முனையிலும் டெர்மினல் என்ற சின்ன உலோகத் துண்டை வைத்து மெஷினில் அழுத்துவோம். அந்த அழுத்துதலுக்குப் பெயர்தான் கிரிம்பிங். காலை முழுவதும் நான் அழுத்திய வயர்களைத் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். பார்க்கவே அழகாக இருந்தது. யாராவது பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

எங்கள் லைன் லீடர் மேரி அக்கா வந்தார். ஒரு வயரை எடுத்து, டெர்மினலைப் பிடித்து இழுத்தார். அது அவர் கையோடு வந்தது. அடுத்ததை எடுத்தார், அதுவும் வந்தது. அவர் நிறுத்தவில்லை. தட்டு காலியாகும்வரை ஒவ்வொன்றாக இழுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு புஷ்பா. ஆனா ஒருத்தன் ஹைவேல போறப்ப பிரேக் லைட் எரியாது. பின்னால லோரி வரும்லா," என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் நெஞ்சில் இறங்கியது. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் இழுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் தரம் சோதிக்கும் கியூசி பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே சம்பளம் கொடுத்தே இழுக்கச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கை அடங்கவில்லை. சங்கிலி போட்டுக்கொண்டு இவள் பக்கத்தில் உட்காராதீர்கள் என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைப்பார்.

வீட்டில் பொழுதுபோக்காக வயரிங் செய்து பார்க்கும் பிள்ளைகள் பலர் என்னிடம், எந்த கிரிம்பிங் டூல் வாங்கலாம் ஆன்டி என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் என் தம்பிக்கு நடந்ததைச் சொல்லாமல் அந்த வரியைச் சொன்னால் யாரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கடையில் கயிறு இழுக்கும் போட்டி

என் தம்பி செல்வம் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். லீவு நாளில் அவன் கை சும்மா இருக்காது. மீன் தொட்டிக்கு பேட்டரி, லோரிக்குள் குட்டிக் காற்றாடி, வாசலில் கலர் லைட் என்று எதையாவது இணைத்துக்கொண்டே இருப்பான். டெர்மினலைப் பிளையரால் நசுக்குவான். பிளையர் கிடைக்காவிட்டால் பல்லால் கடிப்பான். நான் போய் இழுப்பேன், கழன்று வரும். "நீ தொட்டா எதுதான்க்கா நிக்கும்?" என்று சிரிப்பான்.

அவன் மனைவி கலாவுக்கு நெஞ்சில் ஆப்பரேஷன் ஆனபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஆப்பரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து, அவள் பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டான். அவள் பிழைத்து வந்தாள். காவடியை வாடகைக்கு எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. தன் கையாலேயே கட்டுவேன், விடியுமுன் பத்துமலைக்குப் போகும்போது அது விளக்குகளோடு ஜொலிக்க வேண்டும், முருகன் படத்துக்குப் பின்னால் மயிலிறகுச் சக்கரம் மோட்டாரில் சுற்ற வேண்டும் என்றான்.

காவடி எடுப்பவனின் இடுப்பில் ஒரு இரும்புப் பட்டை இறுக்கமாகக் கட்டப்படும். மொத்த எடையும் அதில்தான் உட்காரும். மேலே உள்ள கம்பிகள் உடம்பில் குத்திய அலகுகளோடு சேர்ந்திருக்கும். எங்காவது தீப்பிடித்தால் சட்டையைக் கழற்றுவது போலக் கழற்றி எறிய முடியாது. அதனால் முதலில் ஒழுங்கான டூல் வாங்கு, அப்புறம் மற்றதைப் பேசு என்று சொல்லி, அவனைக் கையோடு பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனேன்.

டூல் வாங்கப் போகும்போது நான் வெறும் கையோடு போவதில்லை. எந்த வயர், எந்த டெர்மினல் பயன்படுத்தப் போகிறோமோ அவற்றில் கொஞ்சம் ஹேண்ட்பேக்கில் இருக்கும். கடைக்காரர் முதலில் தட்டையான ஒரு கட்டிங் பிளையர் மாதிரி எடுத்துக் கொடுத்தார். வயரின் தோல் உரிக்கலாம், வெட்டலாம், அழுத்தலாம், எல்லாம் ஒன்றிலேயே என்றார். நான் ஒரு டெர்மினலை அழுத்தி அங்கேயே இழுத்தேன். வந்துவிட்டது. கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்துச் செல்வம் வெளியே போய் நின்றுகொண்டான்.

"ஆன்டி, இப்படி இழுத்தா எதுதான் நிக்கும்லா?" என்றார் கடைக்காரர்.

"நிக்கிறதா ஒண்ணு எடுத்துக் குடுங்க பாஸ்," என்றேன்.

அடுத்தது ரேச்சட் வைத்தது. ரேச்சட் என்றால், பிடியை முழுவதுமாக அழுத்தி முடிக்கும்வரை அது திறக்காது. பாதியில் நமக்குக் கை வலித்தாலும் விடாது. வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். ஒரு நாள் பலமாகவும் ஒரு நாள் சோம்பலாகவும் அழுத்துவது நம் சுபாவம். ஆனால் அந்த டூலின் தாடை நேராக மூடவில்லை. மூடிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தது. அதில் அழுத்திய டெர்மினல் வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. ரிஜெக்ட் என்று திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவதாக வந்ததன் தாடை நேராக மூடியது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று புள்ளிகள் இருந்தன. பிளாஸ்டிக் உறை போட்ட டெர்மினல்கள் அதே நிறங்களில் வரும். எந்த நிற டெர்மினலோ அந்த நிறப் புள்ளிக்கு நேரே வைத்து அழுத்த வேண்டும். உறை இல்லாத வெறும் டெர்மினலுக்கு வேறு தாடை வேண்டும். இதில் அதை வைத்தால் அழுத்தியது போல இருக்கும், பிடித்திருக்காது. என் சின்னக் கைக்கே பிடி எட்டுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். தடித்த வயரில் மஞ்சள் டெர்மினலை அழுத்தி, வெளியே நின்ற செல்வத்தைக் கூப்பிட்டு ஒரு முனையைக் கொடுத்து, மறு முனையை நான் பிடித்து இழுத்தேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் எங்கள் கயிறு இழுக்கும் போட்டியைப் பார்த்தார்கள். டெர்மினல் அசையவில்லை. அதையே வாங்கினோம்.

பாஸ்

காவடியின் சட்டத்தை வாசலில் வைத்துச் செல்வம் வேலை செய்தான். விரதம் தொடங்கிவிட்டதால் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய் போட்டுப் படுக்கை. வேலைக்குப் போய் வந்து குளித்துவிட்டுத்தான் காவடியைத் தொடுவான். பேட்டரிப் பெட்டி இடுப்புப் பட்டையின் பின்பக்கம் இருந்தது. விளக்குகளுக்கும் மோட்டாருக்கும் வேண்டிய கரண்டு முழுவதும் அங்கிருந்து போகும் இரண்டு தடித்த வயர்களில்தான் ஓடும். நான் சொன்னபடி பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் வைத்திருந்தான்.

வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டான். ஒவ்வொரு இணைப்பின் மேலும் கறுப்பு நிறச் சுருங்கும் குழாய் போட்டு, சூடு காட்டி இறுக்கியிருந்தான். தொழிற்சாலையில்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக இழுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஒன்றுகூட வரவில்லை.

"பாஸ்டா," என்றேன். கலா பின்னால் நின்று கைதட்டினாள். என் தம்பி ஒரு டெர்மினலை ஒழுங்காக அழுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு சாயங்காலங்களில் ஒத்திகை நடந்தது. நண்பர்கள் உருமி அடிக்க, அலகு இல்லாமல் காவடியை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு செல்வம் ஆடிப் பழகினான். விளக்குகள் எரிந்தன, மயிலிறகுச் சக்கரம் சுற்றியது. எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க வேலியோரம் நின்று பார்த்தது. சாம்பிராணிப் புகை வாசலை நிறைத்திருக்கும். ஒரு நாள் அந்தப் புகைக்கு நடுவே பிளாஸ்டிக் கருகும் வாடை மூக்கில் ஏறியது போல இருந்தது. யாரோ பின் தெருவில் குப்பை எரிக்கிறார்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கையோடு வந்தது

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் காவடிக்குப் பூசை போட்டார்கள். சட்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சைப் பழம் கட்டி, சூடம் காட்டினார்கள். பூசை போட்ட காவடியை அதற்கு மேல் யாரும் பிரிக்க மாட்டார்கள், அதில் ஆயுதம் வைக்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அது காலங்காலமாக உள்ள வழக்கம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

எல்லாரும் பசியாற உள்ளே போனார்கள். நான் காவடியைக் கும்பிட்டுவிட்டு நகரும்போது என் கை தானாகப் பின்னால் போய்ப் பேட்டரி வயரை இழுத்தது. அது கையோடு வந்தது.

ஒரு நிமிடம் எனக்கு எதுவும் புரியவில்லை. நானே இழுத்துப் பார்த்து பாஸ் சொன்ன வயர் அது. வாழ்நாளெல்லாம் நான் நம்பியிருந்த ஒரே சோதனை அதுதான். வயரின் நுனியைப் பார்த்தேன். செம்பு நூல்கள் பிரிந்து மென்மையாக இருக்க வேண்டிய இடம், வெள்ளியாக மின்னிக்கொண்டு ஒரே கட்டையாக இருந்தது. சுருங்கும் குழாயின் ஓரம் உருகிப் பழுப்பேறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். அன்று சாம்பிராணிக்கு நடுவே வந்த அதே வாடை அடித்தது.

செல்வத்தைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டுக் கலாவும் ஓடிவந்தாள். நுனியில் ஈயம் வைத்தாயா என்று கேட்டேன். அவன் பெருமையாகத்தான் தலையாட்டினான்.

"ஆடுற காவடிக்கா. வெறும் கிரிம்ப் போதாதுன்னு, மொதல்ல ஈயத்த உருக்கி வயருக்குள்ள எறக்கிட்டு, அப்புறம் உன் டூல்ல அழுத்துனேன். டபுள் ஸ்ட்ராங்."

எல்லா இணைப்பும் அப்படித்தானா என்றேன். எல்லாமே அப்படித்தான் என்றான். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். அக்கறை உள்ளவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். நல்ல டூல் செம்பு நூல்களையும் டெர்மினலையும் காற்றுகூடப் புகாதபடி ஒன்றாக நெருக்கிவிடும். ஆனால் ஈயம் மெத்தென்ற உலோகம். அது இடையில் இருந்தால், அழுத்தியவுடன் கெட்டியாகத்தான் இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் வராது. நாள் போகப் போக, அழுத்தம் தாங்காமல் மெல்ல மெல்ல விலகிக் கொடுக்கும். பிடி தளரும். தளர்ந்த இடத்தில் கரண்டு ஓடினால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். ஃபியூஸ் இருக்கிறதே என்று அவன் சொன்னான். அளவுக்கு மேல் கரண்டு ஓடினால்தான் ஃபியூஸ் போகும். தளர்ந்த இணைப்பில் கரண்டு கூடுவதில்லை, அந்த ஒரு இடம் மட்டும் அடுப்பாகிவிடும். ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. குழாய் உருகும் அளவுக்குச் சூடு ஏறியிருக்கிறது. அந்தப் பெட்டி இவன் இடுப்பை ஒட்டியல்லவா இருந்தது? ஒத்திகையில் உனக்குச் சூடே தெரியவில்லையா என்று கேட்டேன்.

செல்வம் தரையைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பயமில்லை, ஒரு கூச்சம்.

"தெரிஞ்சுச்சுக்கா. ஆட ஆட இடுப்புல சூடு ஏறும். யாருகிட்டயும் சொல்லல. வெரதத்துல இருக்கேன், முருகன் என்னைய ஏத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்."

கலா அவன் பின்னால் போனாள். அவன் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு இருந்தான். இடுப்பில் பட்டை பட்டையாக விபூதி பூசியிருந்தான். அவன் விபூதி பூசுவதை அத்தனை நாளும் வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். விரதக்காரன் விபூதி பூசுவதை யார் கேள்வி கேட்பார்கள்? கலா முந்தானையால் அதைத் துடைத்தாள். கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, நடுவில் கொப்புளம் உடைந்து கிடந்தது. அந்தப் புண்ணின் மேல்தான் அவன் தினமும் விபூதி பூசி, மறுபடியும் பட்டையைக் கட்டி ஆடியிருக்கிறான்.

தொழிற்சாலையில் எத்தனையோ ரிஜெக்ட் பார்த்திருக்கிறேன், எதுவும் ஒரு மனிதனின் தோலில் போய் முடிந்து நான் பார்த்ததில்லை. ஒத்திகையில் எப்போதும் பாதியில் நிறுத்தி இளைப்பாறுவார்கள். மறுநாள் அலகு குத்திய பிறகு, ஜனக் கூட்டத்துக்கு நடுவே, மலை உச்சிவரை நிறுத்தமே கிடையாது. சூடு அதிகமாக அதிகமாக இவன் சந்தோஷப்பட்டு இன்னும் வேகமாக ஆடியிருப்பான்.

எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றேன். செல்வம் குறுக்கே வந்து நின்றான். பூசை போட்டாகிவிட்டது, இனிமேல் கட்டர் வைக்கக் கூடாது, வைத்தால் வேண்டுதல் பலிக்காது என்றான். கழன்ற வயரை மட்டும் மாட்டிக்கொள்ளலாம் என்று கெஞ்சினான். பூசை போட்ட காவடியில் முதல் வெட்டு என் கையால் விழ வேண்டுமா என்று எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கலா அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

"வேண்டுதல் யாரு உசுருக்குங்க? என் உசுருக்குத்தானே? நானே வெட்டுறேன். சாமி கேட்டா என்னையக் கேக்கட்டும்."

முதல் வயரை அவளே வெட்டினாள். பிறகு கட்டரை என்னிடம் கொடுத்தாள். "மத்தத நீங்க பாருங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு, புண்ணுக்கு மருந்து போட அவனைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மலை மேலே

அன்று பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து எல்லா இணைப்புகளையும் புதிதாகச் செய்தேன். கிளினிக்கிலிருந்து வந்த செல்வமும் கூட உட்கார்ந்தான். ஈயம் பட்ட இடத்துக்கு மேலே வெட்டி, புதுச் செம்பு தெரிய உரித்து, அதே டூலில் வெறும் செம்பை அழுத்தினோம். ஆட்டம் தாங்க ஈயம் தேவையில்லை. டெர்மினலுக்குப் பக்கத்திலேயே வயரைச் சட்டத்தோடு கேபிள் டை என்ற பிளாஸ்டிக் நாடா போட்டுக் கட்டி, நடுவில் கொஞ்சம் தொய்வு விட்டால் போதும். ஆட்டம் இணைப்பைத் தொடாது. பேட்டரிப் பெட்டியை இடுப்பிலிருந்து தூரமாக மேலே ஏற்றினோம். விளக்கையும் மோட்டாரையும் ஓடவிட்டு, சாயங்காலம்வரை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. கலா மறுபடியும் சூடம் காட்டினாள். கிளினிக்கில் போட்ட கட்டின் மேல் தடித்த பஞ்சு வைத்துத்தான் பட்டையைக் கட்ட வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

மறுநாள் பத்துமலையில் நான் அவன் பின்னாலேயே நடந்தேன். போகும் வழியெல்லாம் கை நீட்டிப் பேட்டரி வயரைத் தொட்டுப் பார்த்தேன். பக்தியில் காவடியைத் தொட்டுக் கும்பிடுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் வந்தவர்களும் கை நீட்டித் தொட்டார்கள். விளக்குகள் எரிந்தன, சக்கரம் சுற்றியது. பொழுது விடியும் நேரம் மேலே குகைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காவடியை இறக்கியதும் செல்வம் குகைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். முகம் தெளியவில்லை. குனிந்து பார்த்தேன், அழுதுகொண்டிருந்தான்.

"இன்னிக்கு சூடே வரலக்கா. ஏத்துக்கிட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியல."

இணைப்பு சுடாமல் இருந்ததற்காக ஒருவர் அழுவார் என்று எந்த கியூசி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கலாதான் அவன் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது, நெற்றியில் வேர்வை ஓடியது.

"ஏங்க, டாக்டரு மாடிப்படி ஏறவே யோசிக்கணும்னு சொன்னாரு. அத்தன படியும் ஒங்க பின்னாடியே ஏறி வந்து நிக்கிறேன். இது ஒங்களுக்குத் தெரியலையா?"

செல்வம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கூடவே ஏறி வந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எனக்கும்தான். நான் வழியெல்லாம் வயரையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சரி, டூலுக்கு வருகிறேன். ரேச்சட் உள்ளதாக, தாடை நேராக மூடுவதாக, உங்கள் டெர்மினலுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே அழுத்தி, வெட்கப்படாமல் இழுத்துப் பாருங்கள். வயருக்கு ஈயம் வைத்துவிட்டு அழுத்தாதீர்கள். கொஞ்ச நாள் ஓடிய பிறகு மறுபடியும் இழுங்கள், ஓடும்போது பக்கத்தில் விரல் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அதற்கு வேறு பெயர் வைக்காதீர்கள்.